கயிறு யார் கையில் இருந்தது?

உங்கள் கேள்வியை மூன்று தரம் வாசித்தேன். மேலோட்டமாக நீங்கள் கேட்டிருப்பது, 2025 ஸ்பெயின் கிராண்ட் பிரீ என்ற ஃபோர்முலா 1 கார்ப் பந்தயத்தில் மக்ஸ் வெர்ஸ்டப்பன் என்ற ஓட்டுநர் முதலாவது வளைவில் இன்னொரு ஓட்டுநரான ஜோர்ஜ் ரசலின் காரில் போய் இடித்ததற்கு, ஓட்ட நேரத்தில் 10 செக்கன் கூட்டுகிற தண்டனை போதுமா என்பது. ஆனால் கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி நிற்கிறது. "பருத்தித்துறை றோட்டில மினிபஸ்காரன் உப்பிடி இடிச்சா சனமே இறக்கி அடிக்கும், ரீவியில இடிச்சா மட்டும் ஹீரோவோ?" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் அறிய விரும்புவது மூர்க்கமாக ஓட்டுவது பந்தயத்தில் குற்றமா, திறமையா என்பதும், குற்றமென்றால் அதற்கு ஏன் இவ்வளவு மலிவான விலை என்பதும்தான். ஏ.எல். படிக்கிறேன் என்றும் சொல்லியிருப்பதால் தம்பி என்றே கூப்பிடுகிறேன், குறை நினைக்க வேண்டாம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் நான் யார் என்பது. நான் பந்தய ஓட்டுநன் இல்லை. கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் பதினொரு வருசம் வார இறுதிகளில் பந்தய ஓடுபாதை ஓரத்தில் கொடி பிடித்த மார்ஷல். களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்த விமான ஓடுபாதையிலும், சித்திரை மாதத்து நுவரெலியா ஓட்டங்களிலும் வெயிலும் மழையும் பாராமல் நின்றிருக்கிறேன். இப்போது கொக்குவிலில் சொந்தமாக ஒரு கராஜ். ஃபோர்முலா 1 நடுவர்களின் அறை வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் அவர்களுடைய தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பது என்னுடைய கெட்ட பழக்கம், பெண்சாதி சாட்சி.

நேரடியான பதில்: மூர்க்கம் குற்றம் இல்லை. விதிப் புத்தகத்தில் கோபம், ஆக்ரோஷம், வெறி எதற்கும் தண்டனை கிடையாது. புத்தகம் பேசுவதெல்லாம் இடத்தைப் பற்றி. உன் இடத்தைக் காக்க ஒரு தரம்தான் திசை மாற்றலாம், இரண்டாந்தரம் மாற்றக் கூடாது. ஒரு பக்கம் விலகிவிட்டுத் திரும்பவும் ஓட்டக் கோட்டுக்கு, அதாவது வளைவை வேகமாக எடுக்கிற வழிக்கு, வரும்போது ஓரத்தில் ஒரு கார் அகலம் விட வேண்டும். பிறேக் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரக் கூடாது. மற்றவனைப் பாதைக்கு வெளியே தள்ளக் கூடாது. பாதைக்கு வெளியே போய் லாபம் எடுக்கக் கூடாது. மோதலுக்குக் காரணமாக இருக்கக் கூடாது. இதற்குள் எவ்வளவு முரடாக ஓடினாலும் சரி. ஒரு அங்குலம் விட்டுப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் நமக்கு நெஞ்சு இடிக்கும், நடுவர்களுக்கு இடிக்காது. அந்த அங்குலம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அவர்களுடைய வேலை.

அந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிச் சண்டை இது தெரியாமல்தான் வருகிறது. ஓட்டத்தை நடத்துகிற இயக்குநர் தண்டனை கொடுப்பதில்லை. சந்தேகமான சம்பவத்தை அவர் நடுவர்களிடம் அனுப்புவார். ஒரு ஓட்டத்துக்கு மூன்று அல்லது நான்கு நடுவர்கள். 2010இலிருந்து அவர்களில் ஒருவர் முன்னாள் ஓட்டுநராக இருப்பார். ஆட்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவார்கள். கார்களில் உள்ள கமெராக்கள், பிறேக் எவ்வளவு அழுத்தினான், ஸ்ரியறிங்கை எத்தனை பாகை திருப்பினான் என்ற தரவுகள், அணியோடு கதைத்த ரேடியோ எல்லாம் அவர்கள் முன்னால் இருக்கும். பிறகு கேட்பது ஒரே கேள்வி: இந்த இரண்டு பேரில் ஒருவர் முழுமையாகவோ பெரும்பங்காகவோ பிழைகாரரா? ஆம் என்றால் தண்டனை. இல்லை, இரண்டு பேருக்கும் பங்கு என்றால் அது பந்தயத்தில் நடக்கிற சம்பவம், அத்தோடு விசாரணையை மூடிவிடுவார்கள். முதலாவது சுற்றில் எல்லோரும் குவிந்து ஓடுவதால் இன்னும் கொஞ்சம் தாராளமாக இருப்பார்கள்.

"பெரும்பங்கு" என்பதை எப்படி அளப்பது? இங்கேதான் விசயம் சுவையாகிறது. ஒவ்வொரு வளைவிலும் கார் உள்பக்க விளிம்பை மிக நெருங்கித் தொடுகிற ஒரு புள்ளி உண்டு, அதை ஏபெக்ஸ் என்பார்கள். உள்பக்கத்தால் முந்தப் பார்க்கிறவனின் முன் அச்சு, ஏபெக்ஸுக்கு வந்து சேர்வதற்குள் மற்றவனின் பக்கக் கண்ணாடிக்கு நேராகவாவது வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் அவனுக்கு இடம் விட்டே ஆக வேண்டும். வெளிப்பக்கத்தால் முந்துகிறவனுக்கு இன்னும் கடினம்: ஏபெக்ஸில் அவனுடைய முன் அச்சு மற்றவனின் முன் அச்சுக்கு முன்னால் நிற்க வேண்டும். இதோடு, காரைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு பாதைக்குள்ளேயே அந்த வளைவை முடிக்கவும் வேண்டும். இந்த வழிகாட்டலை முன்பெல்லாம் அணிகளுக்குள் மட்டும் வைத்திருந்தார்கள். 2025 ஜூனில்தான் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. அதை எல்லோரும் வாசிக்கும்படி வெளியிட்டது. நீங்கள் அடுத்த ஓட்டத்தைப் பார்க்கும்போது மறுஒளிபரப்பில் முன் சில்லையும் கண்ணாடியையும் மட்டும் பாருங்கோ. வர்ணனையாளர் கத்துவதற்கு முன்னரே பாதித் தீர்ப்பு உங்கள் வாயில் வந்துவிடும்.

அளவுகோல் ஒன்று எழுதிவிட்டால் அதற்கு ஏற்ற மாதிரி ஓடுகிறவனும் வந்துவிடுவான். வெர்ஸ்டப்பனின் கெட்டித்தனம் அதில்தான். 2024இல் அமெரிக்காவின் ஒஸ்ரினில், ஓட்டம் முடிய நாலைந்து சுற்று இருக்கும்போது, லாண்டோ நொரிஸ் அவரை வெளிப்பக்கத்தால் முந்தப் போனார். வெர்ஸ்டப்பன் பிறேக்கை வேண்டிய இடம் தாண்டிப் பிடித்தார். அதனால் ஏபெக்ஸில் அவர்தான் முன்னால். ஆனால் அந்த வேகத்தில் வளைவை முடிக்க ஏலாமல் அவரும் வெளியே போனார், பக்கத்தில் இருந்த நொரிஸும் வெளியே போனார். நொரிஸ் வெளியில் நின்றபடியே முந்திவிட்டார். 5 செக்கன் தண்டனை யாருக்கு? நொரிஸுக்கு. மூன்றாமிடம் நாலாமிடமாகப் போனது. அடுத்த கிழமை மெக்சிக்கோவில் இதே விளையாட்டை வெர்ஸ்டப்பன் ஒரே சுற்றில் இரண்டு தரம் விளையாடினார். இந்த முறை நடுவர்கள் 10, இன்னொரு 10 என்று மொத்தம் 20 செக்கன் கொடுத்தார்கள். ஆறாமிடத்தில் முடித்தார். ஒரு கிழமை இடைவெளியில் ஒரே மாதிரி ஓட்டத்துக்கு இரண்டு விதத் தீர்ப்பா என்று கேட்டால், இரண்டும் முழுக்க ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒஸ்ரின் தீர்ப்பு எழுத்துக்குச் சரி, ஓட்டத்துக்குப் பிழை என்பது என்னுடைய எண்ணம். ஏபெக்ஸில் முன்னால் நிற்பது மட்டும் கணக்கென்றால் பிறேக்கே பிடிக்காதவன்தான் எப்போதும் நியாயவான். வளைவை முடிக்கவும் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிற நிலைமை இதற்குப் பிறகுதான் வந்தது.

இனி, "வேண்டுமென்று" என்ற சொல். உங்கள் கேள்வியில் நாலு இடத்தில் வருகிறது. இதற்கு இரண்டு கதை சொல்ல வேண்டும்.

என்னுடைய பெரியப்பா சவாரி மாடு வளர்த்தவர். மாட்டு வண்டிச் சவாரி பார்த்திருப்பீர்கள். இரண்டு சோடி பக்கம் பக்கமாகப் பறக்கும்போது ஒரு சோடி குறுக்கே இழுத்து மற்ற வண்டியின் சில்லில் கொழுவிவிட்டால், திடலில் அன்று சவாரி முடிந்தது, பிறகு வழக்குத்தான். கொழுவினவன் எப்போதும் ஒரே கதைதான் சொல்லுவான்: "மாடு இழுத்துப் போட்டுது, நான் என்ன செய்ய?" பெரியப்பா மாதிரி ஆட்கள் தீர்ப்புச் சொல்லும்போது அவனுடைய மனதுக்குள் போகவே மாட்டார்கள். "மாடு இழுத்தது சரி. நாணயக் கயிறு ஆற்றை கையில இருந்தது?" அவ்வளவுதான் கேள்வி. வேண்டுமென்று இழுத்தானா, பிடி நழுவினதா என்பது அவனுக்கும் மாட்டுக்கும் மட்டும் தெரிந்த விசயம். கயிறு யார் கையில் என்பது திடலில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது கதை என்னுடையது. மார்ஷலாகப் போன இரண்டாவது வருசமோ மூன்றாவது வருசமோ, கட்டுக்குருந்தவில் ஒரு வளைவின் வெளிப்பக்கம் நின்றேன். ரயர் வாசமும், எரிந்த பிறேக் வாசமும், கால் செருப்புக்குள் சூடு ஏறுகிற தார். எனக்கு முன்னால் ஒரு கார் மற்றக் காரின் பின் மூலையில் இடித்துச் சுழல விட்டது. இடித்தவனின் தலைக்கவசம் இடிபட்டவன் பக்கம் திரும்பியதை என் கண்ணால் கண்டேன். காகிதத்தில் கார் இலக்கம், நேரம், சுற்று, இரண்டு காரும் நின்ற கோணம் எல்லாம் கீறி, கீழே "வேண்டுமென்று இடித்தார்" என்று எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிய மூத்த அதிகாரி சிவப்புப் பேனையால் அந்த ஒரு சொல்லை வெட்டினார். "தம்பி, நீர் கண்டது தலை திரும்பினதை. அதை எழுதும். மற்றதை நீர் காணேல்லை." நான் திரும்ப எழுதினேன்: மோதலுக்கு முன் ஓட்டுநரின் தலை இடப்பக்கம் திரும்பியது. அந்த வசனத்தோடுதான் தண்டனையும் போனது. முந்திய என் வசனத்தை விட இது பலமான சாட்சி என்று விளங்க எனக்குச் சில வருசம் எடுத்தது. மனது என்ன நினைத்தது என்பதை எதிர்த்து வாதாடலாம். தலை திரும்பியதை எதிர்த்து வாதாட ஏலாது.

இதற்காக நோக்கத்தை யாரும் ஒருபோதும் தண்டித்ததில்லை என்று சொல்ல வரவில்லை. 1990 சுசுக்காவில் முதலாவது வளைவிலேயே அயர்ட்டன் சென்னா, அலன் புரோஸ்ட்டின் காருக்குள் நேரே போனார். இரண்டு பேரும் வெளியே, சென்னாவுக்கு உலகப் பட்டம், தண்டனை எதுவும் இல்லை. அடுத்த வருசம் அதே இடத்தில் வைத்து, அது தற்செயல் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. 1997 ஹெரெஸில் மைக்கல் சூமாக்கர் ஒரு புள்ளி முன்னால் நின்றபடி கடைசி ஓட்டத்துக்கு வந்தார். ஜாக் வில்னவ் உள்ளே நுழைந்ததும் காரைத் திருப்பி அவருடைய பக்கத்தில் இடித்தார். ஆனால் ஓட்டத்திலிருந்து வெளியேறியது சூமாக்கரே. அந்த முறை எஃப்.ஐ.ஏ. அவரை அந்த வருசத்துச் சம்பியன்ஷிப் பட்டியலிலிருந்தே நீக்கியது, ஆனால் வென்ற ஓட்டங்களை அவரிடமே விட்டது. கூடவே அடுத்த வருசம் வீதிப் பாதுகாப்புப் பிரசாரத்தில் பங்கெடுக்கவும் சொன்னார்கள். உங்களுடைய மினிபஸ்காரனுக்கும் அப்படி ஒன்று கொடுக்கலாம் என்று சில நேரம் நினைப்பதுண்டு. இரண்டு சம்பவத்துக்கும் நடுவில் ஏழு வருசம்தான். நோக்கத்தை அளக்கப் புறப்பட்டால் அளவு எவ்வளவு ஆடும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

ஸ்பெயினுக்கு வருவோம். எது நிச்சயம் என்று முதலில் பிரிக்கிறேன். கடைசிச் சுற்றுகளில் சேஃப்டி கார் வந்தது, அதாவது ஆபத்து நேரத்தில் எல்லோரையும் தன் பின்னால் மெதுவாக வர வைக்கிற கார். மற்றவர்கள் மென்மையான ரயருக்கு மாற, வெர்ஸ்டப்பனிடம் எஞ்சியிருந்தது கடினமான ரயர்தான். திரும்ப ஓடத் தொடங்கியதும் கார் வழுக்கி, லெக்லேர் என்ற ஓட்டுநர் முந்தினார். பிறகு முதலாவது வளைவில் ரசல் உள்ளே நுழைந்து இரண்டு காரும் தட்டுப்பட்டன. வெர்ஸ்டப்பன் பாதைக்கு வெளியால் போய் முன்னாலேயே நின்றார். இடத்தை ரசலிடம் கொடு என்று அணி சொன்னது. 66 சுற்று ஓட்டத்தின் 64ஆவது சுற்றில் ஐந்தாவது வளைவை நெருங்கும்போது அவர் வேகத்தைக் குறைத்தார், ரசல் முன்னால் போகத் தொடங்கினார், வெர்ஸ்டப்பன் திரும்ப வேகமெடுத்து இடித்தார். நடுவர்கள் 10 செக்கனும் உரிமத்தில் 3 தண்டனைப் புள்ளியும் கொடுத்தார்கள். ஐந்தாமிடம் பத்தாமிடமானது. மோதலுக்கு அவர்தான் காரணம் என்று தீர்ப்பு சொல்கிறது. அவருடைய மனதில் என்ன இருந்தது என்று அது சொல்லவில்லை. அடுத்த நாள் அவரே, அப்படி நடந்திருக்கக் கூடாது என்று எழுதினார். சந்தேகமான பகுதி இனித்தான். பழிவாங்கினாரா, இடம் கொடுக்கிற மாதிரிக் காட்டிவிட்டு மனம் மாறினாரா, கோபத்தில் கணக்குப் பிசகியதா? முன்னாள் சம்பியன் நிக்கோ ரொஸ்பேர்க் நேரலையிலேயே கறுப்புக் கொடிதான் காட்ட வேண்டும், அதாவது ஓட்டத்திலிருந்தே விலக்க வேண்டும் என்றார். என்னைக் கேட்டால் கயிறு அவர் கையில் இருந்தது, அது போதும்.

தண்டனை அளவு போதுமா என்றால், போதாது என்பது என் பக்கம். காரணம் சொல்கிறேன். 2017 பாகூவில் சேஃப்டி காருக்குப் பின்னால் ஓடும்போது செபஸ்டியன் வெட்டல் கோபத்தில் லூயிஸ் ஹமில்டனின் பக்கத்துக்கு வந்து சில்லால் இடித்தார். வேகம் மிகக் குறைவு, சேதம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அதற்குக் கொடுத்தது 10 செக்கன் நின்று போகும் தண்டனை. இதைச் சாதாரண 10 செக்கனோடு குழப்ப வேண்டாம். சாதாரண 5, 10 என்பவை, ரயர் மாற்ற வரும்போது அந்தளவு நேரம் யாரும் காரைத் தொடாமல் நிற்க வேண்டும், வராவிட்டால் முடிவு நேரத்தில் கூட்டிவிடுவார்கள். நின்று போகும் தண்டனைக்கு அதற்கென்றே தனியாக உள்ளே வர வேண்டும், ரயர் மாற்றுகிற இடத்துப் பாதையான பிட் பாதையை மெதுவாகக் கடக்க வேண்டும், நிற்க வேண்டும், வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. ஓட்டம் முடிந்த பிறகு கூட்டுவதென்றால் அது 30 செக்கன். நிற்காமல் கடந்து மட்டும் போகிற தண்டனை என்றால் 20. பாகூவுக்கு அது சரியென்றால் பார்சிலோனாவில் நடந்த இந்த ஸ்பெயின் ஓட்டத்துக்கு ஆகக் குறைந்தது அந்த 20ஆவது வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் பத்தாமிடத்துக்குக் கிடைத்த அந்த ஒற்றைப் புள்ளியும் அநேகமாகப் போயிருக்கும்.

ஆனால் மலிவு என்று நீங்கள் சொல்வதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. ஐந்தாமிடத்துக்கு 10 புள்ளி, பத்தாமிடத்துக்கு 1. அன்றைக்கு அவர் இழந்தது 9. அந்த வருச முடிவில் நொரிஸ் 423, வெர்ஸ்டப்பன் 421. இரண்டு புள்ளியால் உலகப் பட்டம் போனது. இருபத்து நாலு ஓட்டங்களில் எத்தனையோ இடத்தில் புள்ளி போயிருக்கும், வந்தும் இருக்கும், ஆகவே அந்த ஒரு இடிதான் பட்டத்தைத் தின்றது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கணக்கு மட்டும் அப்படி நிற்கிறது.

இதுதான் செக்கன் தண்டனையின் விசித்திரம். அது ஒரு விலை, ஆனால் எவ்வளவு விலை என்று வாங்குகிற நேரத்தில் தெரியாது. 2019 கனடாவில் வெட்டல் புல்லுக்குள் போய்த் திரும்பும்போது ஹமில்டனை நெருக்கினார். 5 செக்கன். முடிவுக் கோட்டை முதலில் தாண்டியவர் வெட்டல், வென்றவர் ஹமில்டன். 2021 சில்வர்ஸ்டனில் முதலாவது சுற்றில் ஹமில்டன் தட்டி வெர்ஸ்டப்பன் புவியீர்ப்பைப் போல 51 மடங்கு விசையோடு தடுப்பில் போய் விழுந்தார், ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஹமில்டனுக்கு 10 செக்கன். அதையும் கட்டிவிட்டு அன்றைய ஓட்டத்தை வென்றார். நடுவர்கள் இதற்குச் சொல்கிற பதில், நாங்கள் செயலைத்தான் பார்க்கிறோம், விளைவை அல்ல என்பது. கொள்கையாக அதை நானும் ஏற்கிறேன். பத்து பேர் செய்கிற அதே பிழையை ஒருவன் செய்யும்போது மட்டும் மற்றவன் தடுப்பில் விழுந்தால், அந்த ஒருவனுக்கு மட்டும் பத்து மடங்கு தண்டனை என்பது நியாயமில்லை. ஆனால் 2012 ஸ்பாவில், தொடக்கத்திலேயே பலரை வெளியேற்றிய ரொமெய்ன் குரோஜோனை ஒரு ஓட்டம் தடை செய்தபோது, பட்டத்துக்குப் போட்டியிடுகிறவர்களை வெளியேற்றிவிட்டார் என்பதையும் தீர்ப்பில் எழுதினார்கள். கொள்கை அன்று எங்கே போனது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தடை பற்றிக் கேட்டீர்கள். 2014இலிருந்து உரிமத்தில் தண்டனைப் புள்ளி முறை இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்குள் 12 சேர்ந்தால் ஒரு ஓட்டம் தடை. முதன்முதலில் 12ஐத் தொட்டவர் கெவின் மக்னசன், 2024 மொன்சாவில் கஸ்லி என்ற ஓட்டுநரோடு தட்டுப்பட்ட பிறகு. அடுத்த பாகூ ஓட்டத்தில் அவர் ஓட முடியாமல் போக, அவருடைய ஹாஸ் அணிக் காரை பத்தொன்பது வயதுப் பெடியன் ஒலிவர் பெயர்மன் ஓட்டினார். ஸ்பெயினுக்குப் பிறகு வெர்ஸ்டப்பனிடம் 11. ஒரு சின்னப் பிழை போதும். கனடாவில் சாது மாதிரி ஓடினார். அடுத்து ஒஸ்ரியாவில் முதலாவது சுற்றிலேயே அன்டொனெல்லி என்ற ஓட்டுநர் வந்து இவரை இடித்து இரண்டு பேரும் வெளியே. பிழை அன்டொனெல்லியுடையது, புள்ளியும் அவருக்கே போனது. அந்த ஓட்டம் முடிந்த கையோடு பழைய இரண்டு புள்ளி காலாவதியாகி வெர்ஸ்டப்பன் மூச்சு விட்டார். ஆகவே தடை என்ற கத்தி இருக்கிறது, ஆனால் அது ஒரே வெட்டாக விழுவதற்கல்ல, சேர்த்து வைத்து விழுவதற்கு.

மற்றப் பந்தயங்களில் கத்தி வேறு மாதிரி. அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயத்தில் தட்டுவது உரசுவது அன்றாடம், அதற்கு யாரும் விசில் ஊதுவதில்லை. ஆனால் மதிலுக்குள் திருப்பி விடுகிற மாதிரிப் பின் மூலையில் கொழுவினால் அடுத்த ஓட்டம் வீட்டில்தான். 2023இல் சேஸ் எலியட் மாதிரிப் பெரிய ஆளையே இருத்தினார்கள். 2024 றிச்மண்டில் ஒஸ்ரின் டிலன் கடைசிச் சுற்றில் முன்னால் போன இரண்டு பேரையும் இடித்து விலத்தி வென்றார். வெற்றியை அவரிடமே விட்டுவிட்டு, அதனால் கிடைக்க வேண்டிய பிளேஓஃப் இடத்தை, அதாவது பட்டத்துக்கான கடைசிக் கட்டப் போட்டியில் இடத்தை, மட்டும் பறித்தார்கள். மோட்டார் சைக்கிளில் தட்டினால் ஆள் நிலத்தில். 2018 மிசானோவில் 200 கிலோமீற்றருக்கு மேல் ஓடும்போது பக்கத்து ஓட்டுநரின் பிறேக் பிடியை எட்டிப் பிடித்த ஃபெனாட்டியைப் பற்றி யாரும் செக்கன் கணக்குப் பேசவில்லை.

இடையில் நம் ஆள் ஒருவர் கதை. 2012 மலேசியாவில் வெட்டல், சுற்றுக் கணக்கில் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்த நரேன் கார்த்திகேயனை முந்தும்போது இரண்டு காரும் தட்டி வெட்டலின் ரயர் கிழிந்தது. பதினொராமிடம், புள்ளி இல்லை. வெட்டல் அவரை வெள்ளரிக்காய் என்று ஏசினார், நடுவர்கள் கார்த்திகேயனுக்கு 20 செக்கன் கொடுத்தார்கள். நான் இன்றுவரை அது இரண்டு பேரின் பிழை என்றே நினைக்கிறேன். தமிழன் என்பதால் நினைக்கிறேனா என்று கேட்டால், இருக்கலாம். இதனால்தான் என்னை யாரும் நடுவராகக் கூப்பிடவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ரீவியில் பார்க்கிறவர்களுக்கு காரும் காரும் இடிபடுவதுதான் பெரிய குற்றம். கொடி பிடித்தவனுக்கு அது இல்லை. மஞ்சள் கொடி ஆடும்போது காலை எடுக்காதவன்தான் எனக்குக் குற்றவாளி. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, மெதுவாக்கு, முந்தாதே. இரண்டு மஞ்சள் என்றால் நிற்கவும் ஆயத்தமாக இரு. அந்தக் கொடிக்குப் பின்னால் பாதையில் வெறுங்காலோடு நிற்கிற மாதிரி ஒரு மனிதன் நிற்பான், தலைக்கவசமும் இல்லை, கூண்டும் இல்லை. 2014 சுசுக்காவில் இரட்டை மஞ்சளுக்குக் கீழே ஜூல்ஸ் பியாங்கியின் கார் மழையில் வழுக்கி மீட்பு வண்டியில் மோதியது. 2015இல் அவர் இறந்தார், அந்த வருசமே எல்லோரையும் ஒரே அளவில் மெதுவாக்குகிற மெய்நிகர் சேஃப்டி கார் முறை வந்தது. 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் பாதையை விட்டுச் சனத்துக்குள் பாய்ந்தது உங்களுக்கும் தெரியும். ஏழு பேர் போனார்கள், எட்டு வயதுப் பிள்ளை ஒன்றும் அதில். என்னைப் போல ஓடுபாதையில் வேலைக்கு நின்றவர்களும் அதில். அன்று பின்னேரம் முழுக்க ஒவ்வொரு பழைய நண்பனாக ரெலிபோன் எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் யாரோ இரண்டு கோடீஸ்வரர்கள் வளைவில் சிறகை உடைத்துக்கொண்டதற்கு 5 செக்கனா 10 செக்கனா என்ற சண்டையில் எனக்கு நித்திரை கெடுவதில்லை. மஞ்சளைத் தாண்டி ஓடினவனுக்கு நடுவர்கள் சலுகை காட்டினால் கெடும்.

மினிபஸ் விசயம். ஒப்பிட ஏலாது, தம்பி. பாதையில் எல்லோரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள், எல்லோரும் தெரிந்து வந்தவர்கள், எல்லோருக்கும் கூண்டும் தலைக்கவசமும் இருக்கிறது, ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஒருவன் நிற்கிறான். பருத்தித்துறை வீதியில் சைக்கிளில் ரியூசன் முடிந்து வருகிற பிள்ளை எந்தப் பந்தயத்துக்கும் பேர் கொடுக்கவில்லை. நான் பார்த்த பந்தய ஓட்டுநர்களில் நல்லவர்கள் எல்லோரும் றோட்டில் ஆமை மாதிரித்தான் ஓடுவார்கள். என் கராஜுக்கு முன் மூலை நொறுங்கி வருகிற கார்களின் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் ரீவியில் பந்தயம் பார்க்கிறவர்கள்.

கடைசியாக ஒரு திருத்தம். வெர்ஸ்டப்பன் முதலாவது வளைவில் ரசலை இடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலாவது வளைவில் நடந்தது ரசல் உள்ளே நுழைந்தபோது ஏற்பட்ட தட்டு. தண்டனை வந்தது ஐந்தாவது வளைவுக்கு. கேள்வியைத் திருத்திவிட்டால் நல்லது, கீழே இரண்டு பேர் ஏற்கெனவே பிழையான வளைவுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.